லண்டன் வெயிலும் கணினிகளைக் குளிர்விக்கும் நுண்வாய்க்கால்களும்

2022ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி, லண்டன் ஹீத்ரோவில் வெப்பநிலை 40.2 டிகிரி செல்சியஸை எட்டியது. அன்று, நகரின் மையத்திலுள்ள கைஸ் மற்றும் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் கணினித் தரவு மையங்கள் செயலிழந்தன. நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பார்க்க முடியாமல், மருத்துவர்களும் தாதியரும் காகிதக் குறிப்புகளுக்குத் திரும்ப நேர்ந்தது. நிலைமை முழுமையாகச் சீரடையப் பல வாரங்கள் பிடித்தன. அதே நாளில் கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களின் லண்டன் தரவு மையங்களிலும் குளிரூட்டும் சாதனங்கள் பழுதடைந்தன.

கணினிச் சில்லு பயன்படுத்தும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறொன்றிடம் ஒப்படைக்கும் சாதனமே வெப்பப் பரிமாற்றி. வாகனங்களின் ரேடியேட்டர் இதற்கு அனைவரும் அறிந்த உதாரணம்.

குறைந்த இடத்தில் அதிக வெப்பத்தை அகற்றுவது எப்படி என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்கர்மன், பீஸ் ஆகிய இருவரும் 1981ஆம் ஆண்டில் ஒரு விடை கண்டனர். சிலிக்கானில் சுமார் 50 மைக்ரோமீட்டர் அகலமே கொண்ட வாய்க்கால்களைச் செதுக்கி, அவற்றில் நீரைச் செலுத்தினர். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 790 வாட் வெப்பத்தை அகற்ற முடிந்தது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. வாய்க்காலின் விட்டம் பாதியானால், அதே கனஅளவு நீரைத் தொடும் சுவரின் பரப்பு இரு மடங்காகிறது. மேலும், சுவரிலிருந்து நீரின் நடுப்பகுதிக்கு வெப்பம் கடக்க வேண்டிய தொலைவும் குறைவதால், சீராக ஓடும் நீரில் வெப்பம் பரவும் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

ஆனால் இந்த ஆதாயத்துக்கு ஒரு விலை உண்டு. விட்டம் பாதியாகும்போது, அதே வேகத்தில் நீரைச் செலுத்த நான்கு மடங்கு அழுத்தம் தேவைப்படுகிறது. பம்புக்கான மின்செலவு கூடுகிறது. சிறு துகளும் வழியை அடைத்துவிடக்கூடும். எனவே, நீண்ட ஒரே வாய்க்காலுக்குப் பதிலாக, குறுகிய நீளம் கொண்ட பல வாய்க்கால்களை அருகருகே அமைத்து, எல்லாவற்றிலும் நீர் சமமாகப் பாயச் செய்வதே வடிவமைப்பாளரின் முக்கியப் பணியாகிறது. நீரை வடிகட்டுவதும் அவசியமாகிறது.

நுண்வாய்க்கால்களுக்கு மற்றொரு பயனும் உண்டு. வெப்பம் எளிதில் கடப்பதால், மிகவும் குளிர்ந்த நீர் தேவையில்லை. வெதுவெதுப்பான நீரே சில்லைக் காக்கப் போதுமானது. அவ்வாறு சூடாகி வெளிவரும் நீர் பிற தேவைகளுக்கும் உதவும். மேற்கு லண்டனின் ஓல்ட் ஓக் பகுதியில், தரவு மையங்களின் கழிவு வெப்பத்தைக் கொண்டு வீடுகளுக்கு வெப்பமூட்டும் திட்டத்துக்கு, 2023ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு 3 கோடியே 60 லட்சம் பவுண்டுகள் ஒதுக்குவதாக அறிவித்தது.

எனினும், சில்லிலிருந்து எடுத்த வெப்பம் இறுதியில் எங்கேனும் சென்று சேர்ந்தாக வேண்டும். 45 டிகிரி நீரை 20 டிகிரிக் காற்றில் குளிர்விக்கும்போது இடைவெளி 25 டிகிரி. காற்று 40 டிகிரியானால் அது வெறும் 5 டிகிரியாகச் சுருங்கிவிடும். அப்போது அதே வெப்பத்தை வெளியேற்ற, கட்டடத்துக்கு வெளியே உள்ள பரிமாற்றிக்குப் பல மடங்கு பரப்பு தேவைப்படும். ஆகவே சில்லின் மீதுள்ள வாய்க்கால் எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும், வெளியிலுள்ள சாதனம் சராசரிக் கோடை நாளுக்கென்றல்லாமல், வரக்கூடிய மிக வெப்பமான நாளுக்கென்று கணக்கிடப்பட வேண்டும்.