நேர் தெற்கே பலாலி

சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்கும் தூரத்தைவிட யாழ்ப்பாணத்துக்குப் பறக்கும் தூரம் குறைவு. மீனம்பாக்கத்தில் கிளம்பி நேர் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர், அவ்வளவுதான். கரை வலப்பக்கமாகவே கூட வரும். கோடியக்கரை தாண்டினால் பாக்கு நீரிணை, அதைக் கடந்தால் காங்கேசன்துறை, அடுத்த நிமிடம் யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலி. திருச்சிக்காரர்களுக்கு இன்னும் பக்கம். வான்வழியில் திருச்சிக்கும் கோவைக்கும் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் திருச்சிக்கும் பலாலிக்கும்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போக, பல ஆண்டுகளாக மக்கள் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டார்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம்; கட்டுநாயக்காவில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனோ பஸ்ஸோ பிடித்து, சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே. ஏழெட்டு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். விமானத்தில் கடந்த கடலோரத்துக்கே தரை வழியாகத் திரும்பி வருகிற பயணம் அது.

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை போட்டது. போர் முடிந்ததும் பொதுமக்கள் விமானம் அங்கே இறங்கத் தொடங்கியது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. ‘சீதா தேவி’ என்று பெயர் வைத்த டகோட்டா அது. அப்போது இலங்கைக்குச் சுதந்திரமே வந்திருக்கவில்லை. அந்தத் தீவின் விமான நிறுவனம் தன் முதல் நாளிலேயே யாழ்ப்பாணத்தைத் தொட்டுக்கொண்டுதான் சென்னைக்கு வந்தது. பின்னாளில் திருச்சிக்கும் அங்கிருந்து விமானம் இருந்தது. வைத்தியத்துக்கும் படிப்புக்கும் கல்யாணப் புடவைக்கும் தமிழ்நாட்டுக்கு வந்துபோவது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அப்போது பெரிய காரியமாக இருக்கவில்லை.

இனக்கலவரமும் போரும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. பலாலி ராணுவத் தளமாக மாறியது. சுற்றியிருந்த வலிகாமம் வடக்குக் கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1987இல் இந்திய அமைதிப் படை இறங்கியதும் இதே ஓடுதளத்தில்தான். 1990இல் சுற்றுவட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த யாழ்தேவி ரயிலும் நின்றது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே மட்டும் சில தனியார் விமானங்கள் பறந்தன. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் அன்டோனோவ் விமானம் 55 பேருடன் கடலில் விழுந்தது. விடுதலைப் புலிகளின் ஏவுகணைதான் அதை வீழ்த்தியது என்று பிறகு தெரியவந்தது. பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள்.

போர் 2009இல் முடிந்தாலும் வெளிநாட்டு விமானம் இறங்க இன்னும் பத்தாண்டு ஆனது. 2019 அக்டோபர் 17 அன்று, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற புதுப் பெயருடன் பலாலி திறக்கப்பட்டது. அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் போய் இறங்கியது. இந்தியாவும் நிதி கொடுத்திருந்தது. பெயர்ப் பலகையில் தமிழை முதலில் எழுதிவிட்டார்கள் என்று தெற்கில் சிலர் கோபித்துக்கொண்டதும் நடந்தது. நவம்பரில் வாரம் மூன்று நாள் சேவை தொடங்கியது. மார்ச்சில் கொரோனா வந்தது, விமானம் நின்றது. நாற்பது ஆண்டுகளை ஒட்டிய காத்திருப்புக்குக் கிடைத்தது நான்கே மாதம்.

ஒரு வழித்தடம் நின்றுபோவது எளிது, திரும்புவதுதான் கஷ்டம். விமானம் இருந்தால் மட்டும் போதாது. குடியகல்வு அதிகாரி, சுங்க அதிகாரி, வான்வழிக் கட்டுப்பாட்டாளர், தீயணைப்பு வண்டி எல்லாமே அந்த ஒரு மணி நேர வேலைக்காக அங்கே இருக்க வேண்டும். எத்தனை நீளமான விமானம் வருகிறதோ அதற்கேற்ற தீயணைப்பு வசதி வேண்டும் என்பது சர்வதேச விதி. வாரத்துக்கு மூன்றே விமானம் இறங்கும் நிலையத்தில் இத்தனையையும் வைத்துக் காப்பது நஷ்டக் கணக்கு. அது மூடிக்கிடந்தால், அடுத்து வரும் விமான நிறுவனத்துக்கு அங்கே இறங்க வழியே இருக்காது. கோழியா முட்டையா என்கிற கதை. இதை உடைக்க யாராவது ஒருவர் முதலில் நஷ்டத்துக்குத் துணிய வேண்டும்.

பலாலிக்கு அப்படித் துணிந்தது அலையன்ஸ் ஏர். ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக இருந்தது அது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவின் கைக்குப் போனபோது, இது மட்டும் அரசிடமே தங்கிவிட்டது. அந்த ஆண்டு இலங்கை இருந்த நிலை தெரிந்ததுதான்: ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. விமான எரிபொருளும் இல்லாமல், கொழும்பிலிருந்து புறப்பட்ட விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. அந்த வருடக் கடைசியில், டிசம்பர் 12 அன்று, சென்னை விமானம் மறுபடி பலாலியில் இறங்கியது. லாபத்தை மட்டும் பார்க்கும் நிறுவனம் எதுவும் அந்த நேரத்தில் அந்த ஊருக்கு விமானம் விட்டிருக்காது.

அந்தத் தடத்தில் பறந்தது ஏடிஆர் 72. ஜெட் விமானத்துக்கே பழகியவர்கள் முதலில் கொஞ்சம் தயங்குவார்கள். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், அதன் கீழே ஆறு இலைப் புரொப்பெல்லர் சுழலும். ஏறுவது வால்பக்கக் கதவு வழியாக. கதவைத் திறந்தால் உட்புறமே படிக்கட்டாக விரியும். ஏரோபிரிட்ஜும் வேண்டாம், தள்ளிக்கொண்டு வரும் ஏணியும் வேண்டாம். எழுபது சொச்சம் இருக்கை. 180 பேர் உட்காரும் ஏர்பஸ் 320 இறங்க முடியாத குட்டையான ஓடுதளத்தில் இது இறங்கிவிடும், எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். பிரான்சின் துலூஸ் நகரில் தயாராகும் இந்த விமானம் இல்லையென்றால், பலாலி போன்ற நிலையங்களுக்கு வெளிநாட்டுச் சேவை என்ற பேச்சே எழுந்திருக்காது. வேகம் குறைவுதான், ஆனால் 350 கிலோமீட்டரில் அது பத்து, பதினைந்து நிமிட வித்தியாசம். உண்மையான குறை வேறு: சின்ன விமானத்தில் பெட்டி ஏற்ற இடம் கொஞ்சம்தான். ஊருக்குப் போகிறவர்கள் யாரும் ஒரு பெட்டியோடு போவதில்லையே!

அலையன்ஸ் ஏர் முதலில் வாரம் நான்கு நாள் ஓடியது, 2023 ஜூலையில் தினசரி ஆனது. விமானம் மீண்டு வந்துவிட்டது என்று சொல்ல வேண்டியது அந்த ஜூலையில்தான். குத்துவிளக்கும் மாலையும் செய்தித்தாளில் வரும். பயணிக்கு வேண்டியது கால அட்டவணை. வாரம் மூன்று நாள் விமானம் என்றால், மருத்துவமனையில் டாக்டர் சொன்ன தேதிக்கும் விமானம் இருக்கும் தேதிக்கும் பொருந்தாது. இரண்டு நாள் லாட்ஜ் வாடகை கூடுதல். லண்டனிலிருந்தோ பிராங்க்ஃபர்ட்டிலிருந்தோ சென்னைக்கு வந்து இறங்குகிறவர் அடுத்த விமானத்துக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்றால், கொழும்பு வழியே மேல் என்று போய்விடுவார். தினமும் இருந்தால்தான் டிக்கெட் போடுகிற ஏஜென்ட் அந்த வழியைச் சொல்வார்.

புலம்பெயர்ந்தவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தால், சென்னையில் குடிவரவைக் கடந்து வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அதற்கு இந்திய விசா வேண்டும். கனடா பாஸ்போர்ட் கையில் இருந்தாலும் விதி இதுதான்.

2024 செப்டம்பர் 1 அன்று இண்டிகோவும் சென்னை - யாழ்ப்பாணம் தடத்துக்கு வந்தது, அதுவும் ஏடிஆர் விமானத்தோடுதான். இப்போது கணக்கு மாறியது. அரசு நிறுவனம் ஓடினால் அதில் கொள்கை இருக்கலாம். தனியார் வந்தால் அங்கே பயணி இருக்கிறார் என்று அர்த்தம். 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் இண்டிகோ தினசரி விமானம் விட்டது. தஞ்சை, நாகை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வரும் யாழ்ப்பாணத்தாருக்குச் சென்னையைவிட இதுதான் வசதி. சபரிமலைக்கு மாலை போட்டு வரும் இலங்கை பக்தர்களுக்கும் அப்படியே.

கடல் வழியும் இதே காலத்தில் திறந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். ஒரு வாரத்தில் நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் கரையிலேயே நிற்கும். விமானத்துக்கு அந்தச் சிக்கல் குறைவு.

திரும்பாதவையும் உண்டு. பலாலியைச் சுற்றி இன்றும் ராணுவம் இருக்கிறது. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியை 2025 ஏப்ரலில்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பூட்டு. அதுவும் நிபந்தனைகளோடு: நடந்து போகக் கூடாது, நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அடுத்த மாதம் இன்னொரு சங்கதி. தமிழ்நாட்டு முகாமில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் ஊர் திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலியில் இறங்கியதும் கைது செய்தார்கள். போர்க்காலத்தில் முறையான வழியில் நாட்டைவிட்டுப் போகவில்லை என்பது குற்றச்சாட்டு. பிறகு விடுவித்தார்கள்; ஆனால் முகாம்களில் ஊர் திரும்பும் யோசனையில் இருந்தவர்களை அந்தச் செய்தி பின்வாங்க வைத்தது.

இனி பெரிய விமானம் வேண்டும் என்ற பேச்சு நடக்கிறது. ஜெட் இறங்கினால் பெட்டிப் பிரச்சினை தீரும், டிக்கெட் விலையும் இறங்கலாம். அதற்கு ஓடுதளத்தை நீட்ட வேண்டும். நீட்டுவதற்கு நிலம் வேண்டும். அந்த நிலமோ, 1990இல் கட்டிய துணியோடு வெளியேறி, இன்னும் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களுடையது. அவர்களோடு உட்கார்ந்து பேசி, எதைத் திருப்பித் தருவது, எதற்கு என்ன ஈடு கொடுப்பது என்று எழுத்தில் முடித்துவிட்டுத்தான் அரசாங்கம் அங்கே அளவுக்கல் நட வேண்டும்.