ராஸ்பெரி பையில் விசுவல் பின்பால்

விசுவல் பின்பால் என்பது, பிளிப்பரால் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் மேசைகளைத் திரையில் இயக்கும் திறமூல மென்பொருள் ஆகும். ராண்டி டேவிஸ் 2000இல் விண்டோசுக்காக உருவாக்கிய இது, லினக்சுக்கான பதிப்பு வந்தபின் ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகளிலும் இயங்குகிறது.

பந்தின் உருளலையும் மோதலையும் இது கணக்கிடும். மின்னணு மேசைகளின் புள்ளி, விளக்கு, ஒலி ஆகியவற்றை அம்மேசையின் ரோம் கோப்பைக் கொண்டு பின்மேம் என்ற துணை மென்பொருள் நடத்துகிறது. ரோம் இல்லையேல் அத்தகைய மேசையில் ஆட்டம் தொடங்காது. ரோம்களோ பெரும்பாலும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை.

சில்லு 80 பாகை செல்சியசைத் தாண்டினால் ராஸ்பெரி பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் திக்கும், பந்து தவறும். கோவில்பட்டி போன்ற கரிசல் ஊர்களின் கோடையில் விசிறி வைத்த குளிர்விப்பான் இல்லாமல் இதை ஆடுவது வீண்வேலை. அப்போதும் திக்கினால் திரைத் தெளிவுத்திறனைக் குறைக்க வேண்டும்.