கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சுரங்கம்

நல்லம்பள்ளியிலிருந்து கடல் பார்க்கக் கிளம்பினால் எந்தச் சாலையைப் பிடித்தாலும் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. எங்களுக்குத் தெரிந்த மீனெல்லாம் தொப்பையாறு அணை ஜிலேபி, ஏரி ஏலத்தில் வரும் கட்லா, ரோகு, அப்புறம் ஒகேனக்கல் கரையில் மசாலா தடவிக் கல்லில் கிடக்கும் மீன். அதனால்தானோ என்னவோ, ‘கடலுக்கு அடியில் நடந்து பாருங்கள்’ என்று எங்கே பலகை வைத்தாலும் எங்கள் பக்கத்து ஆட்கள் வேன் பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள்.

பலகைகளும் பெருகிவிட்டன. சென்னை ஈஞ்சம்பாக்கத்தில், ராட்டினமும் தண்ணீர் விளையாட்டும் உள்ள வி.ஜி.பி. வளாகத்தை ஒட்டி, 2019-இல் ‘மரைன் கிங்டம்’ திறந்தார்கள். மழைக்காடு, மலையிடுக்கு, அலையாத்திக் காடு, கடற்கரை, ஆழ்கடல் என்று ஐந்து பகுதிகள். கடைசியில் தலைக்கு மேல் மீன் நீந்தும் சுரங்கம். 2021 ஜூலையில் பெங்களூரு சிட்டி ரயில் நிலையத்துக்குள்ளேயே ஒரு சிறிய நன்னீர்ச் சுரங்கம் வந்தது. ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் அப்போது 25 ரூபாய் கொடுத்து ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தார்கள். இவை போதாதென்று, ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சிக்காரர்களும் டெல்லி அப்பளக் கடைக்கும் ஜெயன்ட் வீலுக்கும் நடுவே ஒரு மீன் சுரங்கத்தைத் தகரக் கொட்டகைக்குள் பொருத்திவிடுகிறார்கள்.

சுரங்கத்துக்குள் நம் ஆட்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். பெரியவர்கள், “இது எத்தனை கிலோ தேறும்?” என்பார்கள். பிள்ளைகள் மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, இந்தக் கண்ணாடி உடைஞ்சுட்டா என்னா பண்றது?” என்பார்கள். முதல் கேள்விக்குச் சந்தையில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதுதான் கெட்டிக்காரக் கேள்வி.

அது கண்ணாடியே இல்லை. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானிகளின் தலைக்கு மேல் கவிழ்த்த தெளிந்த கூடும் இதே பொருளில் செய்ததுதான். கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு, சூடாக்கினால் வளையும். கண்ணாடி கனக்கக் கனக்கப் பச்சை பாய்ந்துவிடும்; மணலில் கலந்த இரும்பின் வேலை அது. ஜன்னல் கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தாலே அந்தப் பச்சை தெரியும். அக்ரிலிக் முக்கால் மீட்டர் கனத்திலும் நிறம் மாறாது. துபாய் மால் மீன்தொட்டியின் முகப்புப் பலகை 32.88 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம், 75 சென்டிமீட்டர் கனம். இதைக் கண்ணாடியில் வார்த்திருந்தால் மீனெல்லாம் பாசிக் குட்டையில் நீந்துவதுபோல் தெரிந்திருக்கும். இவ்வளவு அகலத்தை ஒரே வார்ப்பில் எடுப்பதில்லை. துண்டுகளை வார்த்து, அதே அக்ரிலிக்கின் திரவ நிலையிலுள்ள மூலப்பொருளையே பசையாக ஊற்றி ஒட்டி, சூளையில் மெல்லச் சுட்டு மெல்ல ஆறவிடுவார்கள். அவசரப்பட்டு ஆறவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். பின்னாளில் விரிசல் கிளம்புவது அங்கிருந்துதான்.

தலைக்கு மேல் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் மூன்று டன் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாரத்தை வளைவு தாங்குகிறது. வளைந்த கூரை, மேலிருந்து வரும் அழுத்தத்தை இரு ஓரங்களுக்கும் கடத்தித் தரையிலுள்ள கான்கிரீட்டில் இறக்கிவிடும். பழைய கல்பாலங்களைக் கட்டியவர்களுக்குத் தெரிந்த அதே கணக்கு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கெல்லி டார்ல்டன் என்ற முக்குளிப்பவர், பயன்பாடு முடிந்த கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் வளைந்த அக்ரிலிக் சுரங்கம் அமைத்து 1985 ஜனவரியில் திறந்தார். இன்று உலகெங்கும் இருக்கும் மீன் சுரங்கங்களுக்கு முன்மாதிரி அதுதான். திறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் மனிதர் இறந்துபோனார்.

உடையுமா என்றால், உடைந்திருக்கிறது. பெர்லினில் ஒரு நட்சத்திர ஓட்டலின் நடுக்கூடத்தில் ‘அக்வாடோம்’ என்ற உருளை வடிவ மீன்தொட்டி நின்றது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய 1,500 மீன்கள், நடுவே ஏறி இறங்க ஒரு லிப்ட். 2022 டிசம்பர் 16 அன்று விடியற்காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் அது வெடித்துச் சிதறியது. தண்ணீர் தெருவுக்குப் பாய்ந்தது. மீன்களில் பெரும்பாலானவை செத்தன. ஆள் நடமாட்டமில்லாத நேரம் என்பதால் இருவர் காயத்தோடு தப்பினார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தண்ணீரை வடித்துப் பழுதுபார்த்திருந்தார்கள். பிள்ளைகளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அது தனித்து நின்ற உயரமான உருளை. பாரம் முழுவதும் உள்ளிருந்து வெளியே தள்ளும். நாம் நடக்கும் சுரங்கத்தில் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே அமுக்குகிறது. அக்ரிலிக்குக்கு இழுபடுவதைவிட அமுக்கப்படுவது எளிது.

சுரங்கத்தில் செய்து பார்க்க ஒரு வேடிக்கை உண்டு; செல்பி எடுக்கும் அவசரத்தில் யாரும் செய்வதில்லை. முதலில் சமதளச் சுவருள்ள தொட்டி முன் நில்லுங்கள். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், சுவரிலிருந்து நான்கு அடி உள்ளே இருக்கும் மீன் மூன்றடியில் இருப்பதுபோல் தெரியும். கிட்டே வந்ததால் பெரிதாகவும் தெரியும். இப்போது சுரங்கத்துக்குள் போய், வளைவின் மையத்துக்குத் தலை வரும்படி நடுவில் நின்று மேலே பாருங்கள். குறுக்குவாக்கில் வரும் ஒளிக்கதிர்கள் வளைவை நேராகக் குத்திக்கொண்டு வருவதால் திரும்புவதில்லை. நீளவாக்கில் வருபவை மட்டும் திரும்புகின்றன. எனவே சுரங்கத்தோடு ஒட்டி நீந்தும் சுறா, தன் அகலத்துக்குப் பொருந்தாத நீளத்தோடு ஒல்லியாகத் தெரியும். அதே சுறா குறுக்கே திரும்பினால் கட்டையாகிவிடும். தலையை ஓரமாகச் சாய்த்தால் உருவம் இன்னொரு பக்கமாக இழுபடும். அங்கே போய் ‘எத்தனை கிலோ’ என்று கண்ணால் எடை போடுகிறவர்கள் ஏமாறுவது நிச்சயம்.

இந்த ஆசையெல்லாம் நேற்று வந்ததில்லை. 1832-இல் சிசிலித் தீவில் ழான் வில்ப்ரோ-பவர் என்ற பெண்மணி, கணவாய் இனத்து உயிரொன்றைக் கவனிப்பதற்காகவே கண்ணாடித் தொட்டி செய்துகொண்டார். பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சியகம் 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் திறந்தது. நம் சென்னையும் பின்தங்கிவிடவில்லை. அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் 1909-இலேயே மெரினா கரையில் ஒரு காட்சியகம் வந்துவிட்டது. கடல் வாசலிலேயே இருந்ததால் உப்புத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடினார்கள்.

உப்புத் தண்ணீர் என்று சொன்னதும் எங்கள் ஊர் நினைவுக்கு வந்துவிடுகிறது. நல்லம்பள்ளியில் ஒரு கடல் காட்சியகம் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பத்து லட்சம் லிட்டர் தொட்டிக்கு 35 டன் வேண்டும். தூத்துக்குடியிலிருந்து லாரியில் உப்பு மூட்டை இறக்கினால் மட்டும் போதாது. சமையல் உப்பிலுள்ள சோடியமும் குளோரைடும் சேர்ந்து கடலுப்பில் சுமார் 85 சதவீதம்தான். மீதிக்கு மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அளந்து போட்டாக வேண்டும். சரி, கரைக்கத் தண்ணீர்? போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-இல் வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரிலோ குளோரின் இருக்கும். நமக்குக் கிருமிநாசினி, மீனுக்குச் செவுளை எரிக்கும் நஞ்சு. அதையும் எடுத்துவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும். பொருட்காட்சிச் சுரங்கங்களில் கடல் மீனைக் காணாமல், அமேசான் ஆற்று மீன்களையும் சப்பானியக் கோய்க் கெண்டைகளையும் பெரும்பாலும் நாம் பார்ப்பதன் காரணம் இந்தக் கணக்குதான்.

உண்மையான எந்திரம் மீன் தொட்டிக்குப் பின்னால், ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று எழுதிய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டிக்கெட் காசு அங்கேயும் செலவாகிறது. மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவைக் கழிக்கிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் தேங்கினால் மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே தண்ணீரை ஓயாமல் இறைத்து, மணலோ ஓட்டைகள் நிறைந்த பிளாஸ்டிக் துண்டுகளோ நிரப்பிய பெரிய கலன்கள் வழியே ஓட்டுகிறார்கள். அங்கே வேலை செய்வது நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். ஓரளவு வரை மீன் அதைத் தாங்கிக்கொள்ளும். தக்காளித் தோட்டத்துக்கு யூரியா போடும் நம் விவசாயிக்கு இது புதிதில்லை. யூரியா மண்ணில் அம்மோனியாவாகி, அப்புறம் நைட்ரேட்டாகிப் பயிருக்குப் போய்ச் சேருவதும் இதே வழியில்தான்.

இந்த நுண்ணுயிர்கள் தாமாக நிலைத்துப் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் பளிங்காகத்தான் இருக்கும். மீன் மட்டும் செத்து மிதக்கும். வீட்டுத் தொட்டியில் மீனை விட்ட முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. மீன் விற்ற கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. புதிதாகத் திறக்கும் எந்தக் காட்சியகமும் ரிப்பன் வெட்டுவதற்கு வெகு முன்பே வெறும் தண்ணீரை ஓடவிட்டு, அம்மோனியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து இவற்றை வளர்த்திருக்க வேண்டும். திறந்த புதிதில் தொட்டிகளில் மீன் குறைச்சலாகத் தெரிந்தால் டிக்கெட் தண்டம் என்று முணுமுணுக்க வேண்டாம். அது நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகவே இருக்கலாம்.

இந்த நுண்ணுயிர் விஷயத்தில் ஒரு பெரிய கண்டுபிடிப்பும் ஒளிந்திருந்தது. அம்மோனியாவைத் தின்பவை பாக்டீரியாக்கள் மட்டுமே என்று நூறாண்டுக்கு மேல் நம்பியிருந்தார்கள். அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில் ஒரு தொட்டியின் சரளையிலிருந்து பிரித்தெடுத்த உயிர், ஆர்க்கியா என்ற வேறொரு வகையைச் சேர்ந்ததாக இருந்தது. 2005-இல் ஆய்வு வெளியானது. ‘நைட்ரோசோபுமிலஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் தேடிப் பார்த்தால் அதன் சொந்தக்காரர்கள் உலகக் கடல்கள் முழுவதும் நிறைந்திருக்கிறார்கள். கடல் முழுக்க இருந்த ஒன்று மீன்தொட்டிச் சரளையில்தான் முதலில் பிடிபட்டது.

ஒகேனக்கல்லில் அருவி விழும் இடத்தில் பழுப்பு நுரை திரண்டு சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் இலைதழைச் சத்துகள் காற்றுக் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வருவதால் உண்டாகும் நுரை அது. கடல்நீர்த் தொட்டிகளில் இதையே ஒரு கருவியாக்கி வைத்திருக்கிறார்கள். உயரமான குழாயில் நுண்குமிழிகளை விட்டு, மேலே திரளும் அழுக்கு நுரையை வழித்தெறிவார்கள். அப்புறம் ஓசோன், புறஊதா விளக்கு, குளிரூட்டி. கரண்ட் போனால் நொடியில் ஓட வேண்டிய ஜெனரேட்டரும் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு தங்குவது குறைவு. நெருக்கமாக மீன் உள்ள தொட்டியில் பம்பு நின்றால் நிலைமை சீக்கிரமே கைமீறிவிடும்.

கேளிக்கைப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடற்கன்னி வேடக்காரர், முப்பரிமாணச் சினிமா, பாப்கார்ன் எல்லாம் எங்கும் ஒன்றுதான். ஒன்றை மட்டும் நம் நாட்டில் பார்க்க முடியாது: டால்பின் ஆட்டம். 1998-இல் பல்கேரியாவிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களிலேயே செத்துப்போயின. 2013-இல் மத்திய அரசு டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்துவிட்டது. எனக்கு அதில் நிறைவுதான்.

மீன்களிலும் ஒரு வருத்தம் உண்டு. பொருட்காட்சிகளில் கூட்டம் கூடுவது ‘அலிகேட்டர் கார்’ என்ற மீனின் முன்னால்தான். முதலை மூஞ்சி, வட அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது, ஆளுயரத்துக்கு மேல் வளரும். குட்டியாக வாங்கி, தொட்டி போதாமல் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். காஷ்மீரின் தால் ஏரியில்கூட 2023-இல் ஒன்று சிக்கியது. இதற்குப் பக்கத்தில் நம் காவிரியின் சொந்த மீனான திமில் மஹ்சீரைத் தேடினால் கிடைக்காது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் எங்கும் இல்லாத கெண்டை இனம். 1946-இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 54 கிலோ இருந்தது. இதன் சரியான அறிவியல் பெயர் ‘டார் ரெமாதேவியே’ என்று உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டுப் பட்டியலிலும் ஏறியது. மோயாற்றுப் பக்கம் மிச்சமிருக்கிறது. வேகமாக ஓடும், பிராணவாயு நிறைந்த தண்ணீர் இதற்கு வேண்டும். பெரிய பம்புகளை வைத்து ஓட்டத்தை உண்டாக்கும் தொட்டிகளை இன்று கட்டவும் முடிகிறது. கட்டுகிறவர்களுக்கு அமேசான் மீதுதான் கண்.

எங்கள் மாவட்டத்திலும் ஒகேனக்கல்லில் மீன்வளத் துறையின் வண்ணமீன் காட்சியகம் இருக்கிறது. சுரங்கம் கிடையாது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். அங்கே மஹ்சீருக்கு ஒரு தொட்டி ஒதுக்கினால் கூட்டம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். அதற்கு வேண்டிய ஓடும் காவிரியும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.