குட்டி யானையா, பிக்கப்பா? வண்டி வாங்கும் முன் பறிப்பைக் கணக்கிடுங்கள்!

தாம்பரத்தைச் சுற்றிப் படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் தொடங்கி வண்டலூர், திருப்போரூர் வரை காய்கறி, கீரை போடும் குடும்பங்கள் இன்னும் கணிசமாக இருக்கின்றன. வீட்டுமனைகள் நெருக்கினாலும், சந்தை பக்கத்திலேயே இருப்பது இவர்களுக்குப் பெரிய பலம். விடியலுக்குள் கோயம்பேடு போய்விடலாம். பல்லாவரம் உழவர் சந்தைக்கும் போகலாம். சேலையூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் வைத்தும் விற்கலாம்.

சரக்கை எடுத்துப்போக வாடகை வண்டியை நம்பியிருப்பவர்களுக்கு, ‘சொந்தமாக ஒரு வண்டி இருந்தால்...’ என்ற எண்ணம் வருவது இயல்பு. அடுத்து வரும் கேள்வி, ‘முக்கால் டன் ஏற்றும் குட்டி யானை போதுமா, ஒன்றேகால் டன்னுக்கு மேல் ஏற்றும் பிக்கப் வாங்கிவிடலாமா?’ என்பது.

வாங்குகிறதை வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கிவிடலாம் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். வண்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது நிலத்தின் பறிப்புக் கணக்கு. அதைப் போடாமல் வாங்கிய வண்டி, நிற்கும் நாளிலும் தவணை கேட்கும்.

இரண்டு வகை வண்டிகள்

டாடா நிறுவனம் 2005-ம் ஆண்டு ‘ஏஸ்’ வண்டியை அறிமுகப்படுத்தியது. 750 கிலோ ஏற்றும் நான்கு சக்கர வண்டி என்பதால், மூன்று சக்கர ஆட்டோவில் சரக்கு ஏற்றியவர்கள் இதற்கு மாறினார்கள். நம் மக்கள் வைத்த ‘குட்டி யானை’, ‘சின்ன யானை’ என்ற பெயர், இன்று அந்த அளவிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. மாருதி சூப்பர் கேரி, மகிந்திரா ஜீத்தோ ஆகியவையும் இந்த வரிசைதான்.

அடுத்த படியில் இருப்பவை பிக்கப் வண்டிகள். மகிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் 2011-ல் கொண்டுவந்த தோஸ்த், டாடா இன்ட்ரா ஆகியவை அதிகம் தென்படுபவை. மாடலைப் பொறுத்து 1 டன் முதல் 1.7 டன் வரை ஏற்றலாம்.

குட்டி யானையின் தொட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். பிக்கப்பின் தொட்டி 8 முதல் 10 அடி நீளம் வரை போகும். ஏஸ் போன்ற சின்ன வண்டி 4.3 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். பிக்கப்புக்கு ஏறக்குறைய ஒரு மீட்டராவது கூடுதலாக வேண்டும். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கமுள்ள சந்துகளில் இந்த ஒரு மீட்டரின் அருமை தெரியும்.

வயல் வழியில் நிலைமை தலைகீழ். பிக்கப்பின் சக்கரம் பெரியது, அடிப்பாகம் உயரமானது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கரைப் பாதை சேறாகும்போது, சின்னச் சக்கர வண்டி புதைந்து நிற்க வாய்ப்பு அதிகம். தார்ச்சாலை வரை சரக்கைத் தலைச்சுமையாகவோ, டிராக்டரிலோ கொண்டுவர வசதி உள்ளவர்களுக்கு இது ஒரு குறையாகத் தெரியாது.

ஒரு ஏக்கர் எத்தனை நடை தரும்?

கத்திரியை எடுத்துக்கொள்வோம். நல்ல பராமரிப்பில், ரகக் கத்திரி ஹெக்டேருக்கு 25 முதல் 30 டன் வரை காய்க்கும். ஏக்கருக்குச் சுமார் 10 முதல் 12 டன். நட்ட இரண்டாம் மாதத்தில் பறிப்பு தொடங்கி, 4 அல்லது 5 நாளுக்கு ஒருமுறை என்று ஏறக்குறைய 20 பறிப்பு எடுக்கலாம். அப்படியானால், ஒரு பறிப்புக்கு 500 முதல் 600 கிலோ. மாதத்துக்கு 6 அல்லது 7 நடை.

ஒரு ஏக்கர் கத்திரி, ஒரு நடைக்குக் குட்டி யானையைக்கூட முழுதாக நிரப்பாது. மாதத்தில் 23 நாள்கள் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும். கத்திரி ஓய்ந்து அடுத்த பயிர் காய்ப்புக்கு வரும்வரை முழு மாதமும் நிற்கலாம். தவணை மட்டும் நிற்காது.

தவணையோடு சேர்த்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, சின்ன வண்டிக்கு 5 லட்சம் ரூபாய் கடன், பிக்கப்புக்கு 9 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10.5 சதவிகிதம், 5 ஆண்டுத் தவணை. மாதத் தவணை சின்ன வண்டிக்குச் சுமார் 10,750 ரூபாய், பிக்கப்புக்குச் சுமார் 19,350 ரூபாய்.

படப்பை பக்கமிருந்து கோயம்பேடு போய்வர 70 கிலோமீட்டர் என்று கொள்வோம். சுமையோடு சின்ன வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பிக்கப் 12 கிலோமீட்டர், டீசல் லிட்டர் 92 ரூபாய் எனக் கணக்கிட்டால், ஒரு நடைக்கான டீசல் செலவு முறையே 358 ரூபாய், 537 ரூபாய்.

* ஒருவர் மட்டும், மாதம் 7 நடை, நடைக்கு 600 கிலோ: தவணையும் டீசலும் சேர்த்து, சின்ன வண்டியில் நடைக்கு 1,894 ரூபாய், கிலோவுக்கு 3 ரூபாய் 16 காசு. பிக்கப்பில் 3,301 ரூபாய். கிலோவுக்கு 5 ரூபாய் 50 காசு.

* மாதம் 20 நடை, நடைக்கு 600 கிலோ: சின்ன வண்டியில் கிலோவுக்கு 1 ரூபாய் 49 காசு. பிக்கப்பில் 2 ரூபாய் 51 காசு.

* மாதம் 20 நடை, பிக்கப்பில் 1,200 கிலோ: கிலோவுக்கு 1 ரூபாய் 25 காசு.

இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ், சுங்கக் கட்டணம், ஓட்டுநர் கூலி எதுவும் இதில் சேரவில்லை. வட்டி, விலை, மைலேஜ் ஒவ்வொருவருக்கும் மாறும். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

கத்திரி கிலோ 10 ரூபாய்க்கு இறங்கும் நாளில், வண்டிக்கே 5 ரூபாய் 50 காசு போனால் மிச்சம் என்ன? பிக்கப் வாங்கிக் கடனில் சிக்குவது இந்த இடத்தில்தான். அதே பிக்கப், நாள் தவறாமல் நிரம்பி ஓடினால் மூன்று கணக்கிலும் மலிவானது. வண்டி பெரிதா சிறிதா என்பதைவிட, எத்தனை நாள் நிரம்பி ஓடுகிறது என்பதே லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் கணக்கில் இன்னொரு பயனும் உண்டு. உங்கள் ஊரில் ஒரு நடை வாடகை 1,900 ரூபாய்க்குள் கிடைத்து, மாதம் 7 நடைதான் தேவை என்றால், சொந்த வண்டியே வேண்டாம். வாடகையில் டீசலும் ஓட்டுநர் கூலியும் அடங்கிவிடுகிறது. வண்டி பழுதானால் அந்தக் கவலையும் உங்களுடையதில்லை.

நான்கு பேர் சேர்ந்தால்...

ஒரே தெருவில் மூன்று, நான்கு பேர் நடவு தேதியைக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக வைத்துக்கொண்டால், பறிப்பு நாள்களும் மாறி மாறி வரும். ஒருவருக்கு 7 நடை என்றால், மூன்று பேருக்கு 20 நடைக்கு மேல் கிடைக்கும். ஒருவர் சின்ன வண்டி வாங்கி, மற்றவர்களுக்கு நியாயமான வாடகையில் ஓட்டினால் எல்லோருக்கும் லாபம்.

ஐந்தாறு பேரின் சரக்கு ஒரே நாளில் ஒரு டன்னைத் தாண்டுகிறது, இரண்டாவது நடை போனால் சந்தை விலை இறங்கிவிடுகிறது என்றால்தான் பிக்கப் பற்றி யோசிக்க வேண்டும். டீசலும் தவணையும் மட்டும் பார்த்தால், சின்ன வண்டியில் இரண்டு நடை அடிப்பதுகூட மலிவாகத் தெரியும். ஆனால், விடியற்காலை விலை காலை 8 மணிக்குக் கிடைக்காது.

தர்பூசணி, நெல் அறுவடை போன்ற ஒரு சில வாரங்களுக்காகப் பெரிய வண்டி வாங்குவது வீண். அந்த வாரங்களில் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஆண்டின் மற்ற நாள்களுக்கு ஏற்ற வண்டியை வைத்துக்கொள்வதே சரி.

எடையா, இடமா?

கீரை, பூ, காலிஃப்ளவர் எல்லாம் எடை குறைவு. இடம் அதிகம் பிடிக்கும். இவற்றுக்குத் தொட்டியின் நீளமே முக்கியம். பூசணி, தேங்காய், நெல் மூட்டை போன்றவை பாதித் தொட்டியிலேயே எடை வரம்பைத் தொட்டுவிடும்.

பிளாஸ்டிக் கிரேட்டை வைத்துச் சோதிக்கலாம். சந்தையில் புழங்கும் 54 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலமுள்ள கிரேட்டை, குட்டி யானைத் தொட்டியில் ஒரு அடுக்குக்கு 12 வைப்பதாகக் கொள்வோம். மூன்று அடுக்கு என்றால் 36. காயும் கிரேட்டுமாக ஒன்று 20 கிலோ இருந்தால், மொத்தம் 720 கிலோ. கூட ஒருவர் ஏறினாலே 750 கிலோவைத் தாண்டிவிடும். நான்காவது அடுக்குக்கு இடம் இருக்கலாம்; அனுமதி இல்லை.

அதிகச் சுமைக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சின்ன வண்டியின் இரண்டு மாதத் தவணை ஒரே நாளில் போய்விடும். அதைவிட ஆபத்து, பிரேக் பிடிக்காமல் போவது. ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் போகும் பேருந்து திடீரென நின்றால், கூடுதல் சுமை ஏற்றிய வண்டி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பறிப்புக்கு வரும் ஆட்களைத் தொட்டியில் ஏற்றி வருவதும் பல ஊர்களில் சகஜமாக நடக்கிறது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது குற்றம். விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்து, இழப்பீடு உரிமையாளர் தலையில் விழ வாய்ப்பு உண்டு. பெரிய தொட்டி இருந்தால் ஆட்களையும் ஏற்றலாம் என்ற எண்ணத்தில் பிக்கப் வாங்காதீர்கள்.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

முதல் வண்டியைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. தவணைச் சுமை குறையும். ஆனால், ஐந்து விஷயங்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

1. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ், இன்ஜின் எண்கள் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

2. நிதி நிறுவனக் கடன் பதிவு ஆர்.சி.யில் இருந்தால், அது நீக்கப்பட வேண்டும். ‘பிறகு எடுத்துத் தருகிறேன்’ என்ற வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

3. தகுதிச் சான்று (எஃப்.சி.), இன்சூரன்ஸ், சாலை வரி மூன்றும் எதுவரை என்று பாருங்கள். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும்.

4. நிலுவை அபராதங்களைப் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

5. காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால் போதாது. சுமை ஏற்றி, பெருங்களத்தூர் மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கிளட்ச், பட்டை (ஸ்பிரிங்), பிரேக் மூன்றின் நிலையும் தெரிந்துவிடும்.

வாசகர்களுக்கு எழும் கேள்விகள்

கார் ஓட்டும் லைசென்ஸ் போதுமா?

போதும். இலகு ரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ம் தேதி உறுதி செய்துள்ளது. குட்டி யானை, பிக்கப் இரண்டுமே இதில் அடங்கும்.

பெர்மிட் எடுக்க வேண்டுமா?

சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. குட்டி யானைகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. பிக்கப்களில் சில மாடல்கள் 3,000 கிலோவைத் தாண்டும். முன்பணம் கட்டும் முன் ஷோரூமில் ‘மொத்த எடை எவ்வளவு?’ என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புது வண்டி விலை குறைந்திருக்கிறதா?

சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாக 2025 செப்டம்பர் 22 முதல் குறைக்கப்பட்டது. விலைப்பட்டியலில் அந்தக் குறைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பறிப்பு இல்லாத நாளில் வாடகைக்கு ஓட்டலாமா?

சரக்கு வண்டியாகப் பதிவான மஞ்சள் பலகை வண்டி என்றால் ஓட்டலாம். தாம்பரம் புறநகரில் வீடு மாற்றுவது, கடைச் சரக்கு போன்ற வேலை சின்ன வண்டிக்கும், ஒரகடம் பக்கமுள்ள தொழிற்சாலை வேலை பிக்கப்புக்கும் பொருந்தும். ஆனால், அந்த வருமானத்தை நம்பித் தவணையைத் தீர்மானிக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே முழுநேரமாக ஓட்டுபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மேலும், வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒருவரே, வயலைப் பார்ப்பவரும் அவரே என்றால், வாடகைக்குப் போன நாளில் தண்ணீர் பாய்ச்சுவது யார் என்றும் யோசியுங்கள்.

ஷோரூமுக்குப் போகும் முன், மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டில் நான்கு விவரங்களை எழுதிவாருங்கள்: சரக்கு எடுத்துப்போன தேதி, எடை, போன சந்தை, கொடுத்த வாடகை. மாதம் 15 நடைக்குக் கீழே இருந்தால் வாடகை வண்டியையோ, பக்கத்துத் தோட்டத்தாரோடு கூட்டையோ பாருங்கள். 15-க்கு மேல் போய், எடை 700 கிலோவுக்குள் இருந்தால் குட்டி யானை. பெரும்பாலான நாள்கள் ஒரு டன்னைத் தாண்டினால் மட்டும் பிக்கப். இந்த நோட்டைக் கையில் வைத்திருந்தால், ஷோரூமில் யார் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் முடிவு உங்களுடையதாகவே இருக்கும்.