பதிவு செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சி வீட்டில் தடைபடுவது ஏன்? இணையத் திட்டத்தை மாற்றும் முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: பதிவு செய்து வைத்த தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்க்கும்போது காட்சி பாதியில் நின்று, திரையின் நடுவே வட்டம் சுழலத் தொடங்கினால், வேகம் கூடிய இணையத் திட்டத்துக்கு மாறுவதே தீர்வு எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், நிகழ்ச்சி வீட்டிலுள்ள கருவியிலேயே சேமிக்கப்பட்டிருந்தால், அந்தத் தடைக்கும் மாதந்தோறும் செலுத்தும் இணையக் கட்டணத்துக்கும் தொடர்பில்லை. தடை எந்த இடத்தில் ஏற்படுகிறது என்பதைக் கண்டறியாமல் செலவிடும் பணம் வீணாகவே வாய்ப்பு அதிகம்.

இது பொழுதுபோக்குக்கான சிக்கல் மட்டுமன்று. மத்திய கல்வி அமைச்சகத்தின் ஸ்வயம் பிரபா அலைவரிசைகள் 2017-ஆம் ஆண்டு முதலும், பிஎம் இ-வித்யா திட்டத்தின் வகுப்புவாரியான அலைவரிசைகள் 2020-ஆம் ஆண்டு முதலும் பாடங்களை ஒளிபரப்பி வருகின்றன. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் சேவையிலும் கல்வி அலைவரிசைகள் கிடைக்கின்றன. ஒளிபரப்பு நேரத்தில் வீட்டில் இருக்க இயலாத மாணவருக்குப் பதிவு செய்து பார்ப்பது பயனுள்ள வழி. கணக்கின் மூன்றாவது படியில் காட்சி நின்றுவிட்டால், அந்த வசதியின் பயனே குறைந்துவிடுகிறது.

பஃபரிங் என்பது என்ன?

திரையில் ஓடும் காட்சி, வந்து சேரும் அதே நொடியில் காட்டப்படுவதில்லை. அடுத்து வரவுள்ள சில நொடிகளுக்கான தரவைக் கருவி முன்கூட்டியே பெற்று நினைவகத்தில் தேக்கி வைக்கிறது. வீட்டின் மேல்நிலைத் தொட்டியுடன் இதை ஒப்பிடலாம். மோட்டார் ஏற்றும் நீரைவிடக் குழாய்களில் வெளியேறும் நீர் அதிகமானால் தொட்டி வறண்டுவிடும். அதுபோல, தரவு வந்து சேரும் வேகம், காட்சி அதைச் செலவழிக்கும் வேகத்தைவிடக் குறையும்போது தேக்கம் தீர்ந்து காட்சி நிற்கிறது. மீண்டும் போதிய தரவு சேரும் வரை சுழலும் வட்டமே பஃபரிங்.

எனவே, தரவு புறப்படும் இடம், அது பயணிக்கும் வழி, அதைப் பெற்றுக் காட்டும் கருவி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று பின்தங்கினாலும் விளைவு ஒன்றுதான். திரையில் தோன்றும் அடையாளத்தை மட்டும் வைத்து எது காரணம் எனக் கூற முடியாது.

பதிவு எங்கே உள்ளது?

முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுவே. இந்திய வீடுகளில் பதிவு செய்த நிகழ்ச்சிகள் பொதுவாக மூன்று இடங்களில் இருக்கின்றன.

முதலாவது, செட்-டாப் பாக்ஸின் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் அல்லது அதில் செருகப்பட்ட பென் டிரைவ். இங்கிருந்து நேரடியாகத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது இணையமோ வைஃபையோ தேவையில்லை. இதில் தடை ஏற்பட்டால் சேமிப்புக் கருவியையோ பதிவையோதான் சோதிக்க வேண்டும். தனியார் டிடிஎச் நிறுவனங்களின் பெட்டிகளில் செய்யப்படும் பதிவுகள் பொதுவாகப் பூட்டப்பட்ட வடிவில் இருப்பதால், அவற்றை வேறு கருவிக்கு மாற்றிச் சோதிக்க இயலாது.

இரண்டாவது, வீட்டிலுள்ள கணினி அல்லது வலையமைப்புச் சேமிப்புக் கருவி. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்களின் துணையுடன், அதில் உள்ள நிகழ்ச்சிகளை வேறு அறையிலுள்ள தொலைக்காட்சிக்கு அனுப்பலாம். தரவு வீட்டுக்குள்ளேயே ரவுட்டர் வழியாகப் பயணிக்கிறது. இணைய நிறுவனம் வழங்கும் வேகம் இதைப் பாதிப்பதில்லை.

மூன்றாவது, ஓடிடி தளங்களில் பின்னர் பார்ப்பதற்காக வைக்கப்படும் நிகழ்ச்சிகள். பிரசார் பாரதி 2024 நவம்பரில் கோவாவில் நடைபெற்ற சர்வதேசத் திரைப்பட விழாவில் தொடங்கிவைத்த வேவ்ஸ் தளமும் இவ்வகையைச் சார்ந்தது. இங்கு மட்டுமே வெளி இணையமும் வீட்டு வைஃபையும் சேர்ந்து பங்கு வகிக்கின்றன.

எவ்வளவு வேகம் தேவை?

சேமித்த பதிவுக்குத் தேவைப்படும் வேகத்தை எளிய கணக்கால் அறியலாம். ஒரு மணி நேரப் பதிவின் அளவு 1.8 ஜிபி எனில், அது நொடிக்கு ஏறத்தாழ 4 மெகாபிட் வேகத்தைக் கோருகிறது. அதே ஒரு மணி நேரம் 3.6 ஜிபி எனில் தேவை 8 மெகாபிட். சுருக்கமாக, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்பதை 2.2-ஆல் பெருக்கினால் தேவையான மெகாபிட் வேகம் கிடைக்கும்.

ஓடிடி தளங்களைப் பொருத்தவரை, முழு எச்டி தரத்துக்கு 5 மெகாபிட், 4கே தரத்துக்கு 15 மெகாபிட் என நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கிறது. மத்திய அரசு 2023-ஆம் ஆண்டில் பிராட்பேண்ட் சேவைக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது. இந்தக் குறைந்தபட்ச வேகம் எச்டி காட்சிக்குப் போதாது. எனினும், 50 அல்லது 100 மெகாபிட் திட்டம் வைத்திருக்கும் வீட்டில் 8 மெகாபிட் காட்சி தடைபடுகிறது என்றால், திட்டத்தின் வேகத்தைக் குறை கூறுவதில் பொருளில்லை. அங்குத் தேவைப்படுவது கூடுதல் வேகமன்று, இடையறாத வேகம். சராசரியாக 40 மெகாபிட் கிடைத்தாலும், தேக்கம் தீரும் அளவுக்கு இடையிடையே தரவு நின்றுபோனால் காட்சியும் நிற்கும்.

கம்பி வழிச் சோதனை

தடையின் இருப்பிடத்தைக் கண்டறிய எளிதான வழி, வைஃபையைச் சிறிது நேரம் விலக்கி வைப்பதே. ரவுட்டரையும் தொலைக்காட்சியையும் லேன் கேபிளால் இணைத்து, முன்பு தடைபட்ட அதே நிகழ்ச்சியை ஓடவிட வேண்டும். காட்சி தடையின்றி ஓடினால், குறை வைஃபையில் உள்ளது. கம்பி வழியிலும் நின்றால், வைஃபையை ஐயப்பட வேண்டியதில்லை. பதிவு வீட்டுக் கணினியில் இருந்தால், அந்தக் கணினியையும் கேபிளால் இணைத்த பிறகே சோதிக்க வேண்டும். ஒரு முனை வைஃபையில் இருந்தால் முடிவு தெளிவாக இருக்காது.

பல ஸ்மார்ட் தொலைக்காட்சிகளின் லேன் துளை 100 மெகாபிட் வேகத்தை மட்டுமே ஏற்கிறது. பதிவு செய்த ஒளிபரப்புகளுக்கு அது தாராளமாகப் போதும். கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால், அறைக்கு அறை நிரந்தரமாகக் கேபிள் இழுப்பதும் ஒரு தீர்வே.

வைஃபை எங்கே தளர்கிறது?

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைக்கற்றைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைக் கடந்து அதிக தொலைவு செல்லும். ஆனால், அதில் ஒன்றன் மீது ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 என மூன்று மட்டுமே. அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அனைத்தும் இந்த மூன்றையே பகிர்ந்துகொள்கின்றன. புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைக்கற்றையில் குறுக்கிடுகின்றன.

இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2018-ஆம் ஆண்டு உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. இதில் இட நெருக்கடி குறைவு, வேகம் அதிகம். கான்கிரீட் சுவரையும் செங்கல் சுவரையும் கடக்கும்போது வலுவிழப்பதே இதன் குறை. எனவே, தொலைக்காட்சியும் ரவுட்டரும் ஒரே அறையிலோ அடுத்தடுத்த அறைகளிலோ இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். வைஃபை பெயரின் இறுதியில் காணப்படும் '5ஜி' என்பது இந்த அலைக்கற்றையையே குறிக்கிறது. கைபேசி நிறுவனங்களின் 5ஜி சேவைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ரவுட்டரை இரும்பு பீரோவின் பின்னாலோ, மூடிய அலமாரியிலோ, தொலைக்காட்சியின் முதுகுப்புறத்திலோ வைப்பதைத் தவிர்க்க வேண்டும். திறந்த இடத்தில், உயரத்தில் வைப்பது நல்லது. தொலைவுக்காக வாங்கப்படும் விலை குறைந்த ரிப்பீட்டர் கருவிகளில், ஒரே அலைக்கற்றையில் பெற்று அதிலேயே திருப்பி அனுப்பும் வகையினால் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

கணினியும் தொலைக்காட்சியும்

கம்பி வழியிலும் தடை தொடர்ந்தால், கவனம் சேமிப்புக் கருவியின் பக்கம் திரும்ப வேண்டும். ஒளிபரப்பிலிருந்து நேரடியாகப் பதிவான கோப்பின் வடிவத்தைத் தொலைக்காட்சிச் செயலி ஏற்காதபோது, கணினி அதை அந்தக் கணமே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. பழைய கணினியின் செயலகம் இந்தச் சுமையைத் தாங்காது. மாற்றம் காட்சியின் ஓட்டத்தைவிட மெதுவாக நடந்தால், வலையமைப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் காட்சி நிற்கும்.

நிகழ்ச்சி மாற்றமின்றி அனுப்பப்படுகிறதா, மாற்றி அனுப்பப்படுகிறதா என்பதை பிளெக்ஸ், ஜெல்லிஃபின் ஆகிய இரண்டின் நிர்வாகத் திரையிலும் காணலாம். மாற்றப்படுகிறது எனில், தொலைக்காட்சிச் செயலியின் அமைப்புகளில் காட்சித் தரத்தை மூலத் தரத்துக்கு உயர்த்திப் பார்க்க வேண்டும். தரத்தைக் குறைத்தால் தடை நீங்கும் என்ற பொது எண்ணத்துக்கு இது மாறானது. இங்கே தரத்தைக் குறைப்பதே கணினிக்குச் சுமையாகிறது. அதே கணினி அந்நேரத்தில் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

தொலைக்காட்சியின் பக்கத்தில், நினைவகம் நிறைந்திருப்பதும் செயலி புதுப்பிக்கப்படாமல் இருப்பதும் தடைக்குக் காரணமாகலாம். அதே நிகழ்ச்சி அதே இடத்தில் கைபேசியில் சீராக ஓடினால், குறை தொலைக்காட்சியில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரே நொடியில் நின்றால்

ஒவ்வொரு முறையும் நிகழ்ச்சியின் அதே நிமிடத்தில், அதே நொடியில் காட்சி சிதைந்தால், பதிவிலேயே குறை உள்ளது. டிடிஎச் சேவைகள் பயன்படுத்தும் கேயூ அலைக்கற்றைச் சமிக்ஞையைக் கனமழை வலுவிழக்கச் செய்யும். பருவமழைக் காலத்தில் பதிவான நிகழ்ச்சிகளில் கட்டங்கட்டமாகக் காட்சி உடைவது இதனால்தான். தரவை எழுதும் வேகம் குறைந்த பென் டிரைவிலும் இதே நிலை ஏற்படலாம். இப்படிப்பட்ட பதிவை எந்த ரவுட்டராலும் சீராக்க முடியாது. மறுஒளிபரப்பின்போது மீண்டும் பதிவு செய்வதே வழி.

நிறுவனத்திடம் எப்போது செல்வது?

ஓடிடி தளங்களில் மட்டும் தடை ஏற்பட்டு, வீட்டில் சேமித்த பதிவுகள் சீராக ஓடினால், வெளி இணையத்தைச் சோதிக்கலாம். கேபிளால் இணைத்த கணினியில், காலையிலும் இரவு 9 மணி அளவிலும் சில நாள்கள் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இரவில் மட்டும் வேகம் சரிந்தால், பயன்பாடு மிகும் நேரத்தில் நிறுவனத்தின் வலையமைப்பில் நெரிசல் இருக்கலாம். மாத இறுதியில் மட்டும் சரிந்தால், திட்டத்தின் தரவு வரம்பு தீர்ந்துவிட்டதா எனப் பார்க்க வேண்டும். வரம்பற்றவை என விற்கப்படும் திட்டங்களிலும், குறிப்பிட்ட அளவுக்குப் பின் வேகத்தைக் குறைக்கும் நியாயமான பயன்பாட்டு விதி இருப்பதுண்டு.

இந்த அளவீடுகளுடன் நிறுவனத்தின் புகார் மையத்தை அணுகிப் புகார் எண் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு ஆணையத்திடம் முறையிடலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட குறைதீர்ப்பு விதிகள் இந்த இரு அடுக்கு முறைக்கு வழிவகுக்கின்றன. தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐயும் தொடர்புகொள்ளலாம்.

வேகம் கூடிய திட்டத்துக்கு மாறுவது குறித்து இதன் பிறகே முடிவெடுப்பது நல்லது. கம்பி வழியில் அளந்த வேகம், வீட்டில் ஒரே நேரத்தில் பார்க்கப்படும் காட்சிகளின் மொத்தத் தேவையைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே அந்தக் கூடுதல் கட்டணத்துக்குப் பயன் கிடைக்கும்.