மூன்று துணி, ஒரு ஊசி

கிராஸ் ஸ்டிச் போடுகிறவர்கள் கையில் எய்டா துணியைப் பார்த்திருப்பீர்கள். நெய்யும்போதே சின்னச் சின்னக் கட்டம் விழும்படி நெய்த துணி அது. ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ரகம் பரவலாகக் கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான் வேலை. 5 அங்குல நீளம், 5 அங்குல அகலத்தில் ஒரு கிளிப் படம் போட வேண்டும், பின்னணியையும் வெறுமையாக விடக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரு மணி நேரம் தைத்தால் எத்தனை நாளாகும்? மனசுக்குள் ஒரு பதில் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

ஒரு பக்கத்துக்கு 5 × 14 = 70 கட்டம். 70 × 70 = 4,900 பெருக்கல் குறி. 10 நிமிடத்தில் 30 போடுவீர்கள் என்றால் மணிக்கு 180. வகுத்துப் பாருங்கள், 27 மணி நேரத்தையும் தாண்டுகிறது. கிட்டத்தட்ட 4 வாரம்! இதுவும் ஊசி ஓடுகிற நேரம் மட்டும்தான். ஊசியில் நூல் கோப்பது, 6 இழை நூலிலிருந்து 2 இழையைச் சிக்கு விழாமல் உருவுவது, கட்டம் எண்ணுவதில் தப்பிப்போய்ப் பிரித்துத் திரும்பப் போடுவது எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை.

‘ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்’ என்று நினைத்தவர்கள் வெட்கப்பட வேண்டாம். பெரியவர்களும் இப்படித்தான். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் இந்தப் பழக்கத்துக்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயரே வைத்தார்கள். 1994-இல் வெளிவந்த கனடா ஆய்வு ஒன்று இன்னும் வேடிக்கை. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே கெட்டுப்போனால்? சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது ஏறத்தாழ 56 நாள். அவர்களுடைய மிக மோசமான கற்பனையைவிடவும் உண்மை ஒரு வாரம் நீளம்!

காரணம் இதுதான். திட்டம் போடும்போது நம் மனசில் ஓடுவது எல்லாம் நல்லபடியாக நடக்கிற நாட்கள். காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார், கரண்ட் போகும், சிவப்பு நூல் பாதியில் தீரும். இவற்றில் குறிப்பிட்ட ஒன்று நடப்பது அரிது. ஆனால் ஏதோ ஒன்றாவது நடப்பது அரிதே அல்ல. அதனால் கற்பனையை நம்பாமல் பழைய கணக்கைப் பாருங்கள். போன முறை கைக்குட்டைக்கு எத்தனை நாள் ஆனது? அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அதுதான் உங்களுக்கு நல்ல ஜோசியர்.

கிளி பாதியில் இருக்கும்போதே கை சும்மா இருக்காது. அத்தை வீட்டில் ஒரு மயில் டிசைன் கண்ணில் படும், உடனே அதையும் தொடங்குவோம். பிறகு தோழியின் பிறந்த நாளுக்கு ஒன்று. இப்போது மூன்று துணி. ஊசி பிடிக்கிற கை ஒன்றுதான். ஒவ்வொன்றும் 10 நாள் வேலை என்று கொள்வோம். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் 10, 20, 30-ஆம் நாட்களில் ஒவ்வொன்றாக முடியும். சராசரி 20. இன்று இது, நாளை அது என்று சுழற்றினால் 28, 29, 30-ஆம் நாட்களில் முடியும். சராசரி 29. மொத்த உழைப்பில் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை, கடைசித் துணியும் தாமதமாகவில்லை. ஆனாலும் 27 நாள் வரை காட்டுவதற்கு ஒரு துணிகூடக் கையில் இருக்காது! ‘தைத்துக்கொண்டே இருக்கிறாள், ஒன்றையும் முடிக்கக் காணோம்’ என்று வீட்டில் சலித்துக்கொள்வது இதனால்தான்.

வேலைகள் வெவ்வேறு அளவில் இருந்தால் வரிசைக்கு மதிப்பு இன்னும் கூடும். கைக்குட்டை 2 நாள், தலையணை உறை 6 நாள், மேசை விரிப்பு 22 நாள். பெரியதை முதலில் எடுத்தால் 22, 28, 30-ஆம் நாட்களில் முடியும். சிறியதிலிருந்து தொடங்கினால் 2, 8, 30. கூட்டிப் பாருங்கள், முதல் வரிசைக்கு 80, இரண்டாவதற்கு 40. காத்திருக்கிற நேரம் சரிபாதி! பல வேலைகளைக் கம்ப்யூட்டர் எந்த வரிசையில் செய்யலாம் என்று முடிவு செய்யும் முறைகளிலும் ‘சிறியது முதலில்’ என்பது ஒன்று.

மாற்றி மாற்றிச் செய்வதற்கு மூளையும் கொஞ்சம் கூலி கேட்கும். ஒரு கடிகாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் க், ங், ச் என்று 18 மெய்யெழுத்துகளையும் எழுதிவிட்டு 1 முதல் 18 வரை எழுதுங்கள். நேரத்தைக் குறியுங்கள். அடுத்து க், 1, ங், 2, ச், 3 என்று மாறி மாறி எழுதுங்கள். எழுதுவது அதே 36 குறிகள்தான். பெரும்பாலும் இரண்டாவது முறை நேரம் கூடும். இதைப் போலவே, கூட்டலையும் கழித்தலையும் மாறி மாறிச் செய்யச் சொல்லி ஆர்தர் ஜெர்சில்டு என்ற அமெரிக்க உளவியலாளர் 1927-லேயே சோதித்தார். தையலில் நாளுக்கு ஒருமுறை துணியை மாற்றினால் பெரிய நஷ்டமில்லை. கால் மணிக்கு ஒருமுறை மாற்றினால், விட்ட கட்டத்தைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

அதற்காக ஒரே ஒரு துணியோடுதான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கருப்புத் துணியில் தைப்பது இராத்திரியில் கண்ணை வருத்தும். அதைப் பகலுக்கு வைத்துக்கொண்டு இரவில் வெள்ளைத் துணியை எடுக்கலாம். பஸ்ஸில் வளையம் மாட்டிய மேசை விரிப்பை விரிக்க முடியுமா? கைக்குட்டை என்றால் மடியில் அடங்கும். இரண்டு துணி வைத்திருப்பதில் நியாயம் உண்டு. ஏழு துணி என்றால், அது வெறும் ஆசை.

மூட்டைகட்டி வைத்த துணிக்கும் ஆபத்து உண்டு. ஊசி எஃகு. மேல்பூச்சு தேய்ந்த ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தால், காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து துருவாக்கி, பழுப்புக் கறை விழும். வளையத்தைக் கழற்றாமல் விட்டால் வட்டத் தடம் பதியும். ஆறு மாதம் கழித்து அதே எண்ணுள்ள சிவப்பு நூலை வாங்கினாலும், வேறொரு முறை சாயத்தொட்டியில் நனைத்ததாக இருந்தால் நிறம் இம்மி பிசகியிருக்கலாம். கிளியின் மூக்கில் பாதி ஒரு சிவப்பு, பாதி வேறு சிவப்பு!

1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் வரிசைகளைப் பற்றி ஒரு விதியை நிரூபித்தார். ரேஷன் கடை வரிசைக்கும் பொருந்தும், உங்கள் தையல் பைக்கும் பொருந்தும். பையில் எப்போதும் 6 வேலை கிடக்கிறது, சராசரியாக மாதம் ஒன்று முடிகிறது என்றால், ஒரு வேலை பைக்குள் வந்து வெளியேறச் சராசரியாக 6 மாதம் ஆகும். விரலின் வேகம் மாறவில்லை என்றால், பையில் கிடப்பதைக் குறைப்பதுதான் வழி.

இன்னொரு வழியும் உண்டு, கைகளைக் கூட்டுவது. பிரான்சில் உள்ள பேயோ என்ற நகரின் பெயரால் அறியப்படும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பழைய பூத்தையல் துணி ஒன்று இருக்கிறது. 1066-இல் நடந்த போரின் கதை அதில் தைத்திருக்கிறது. 1885-இல் இங்கிலாந்தின் லீக் என்ற ஊரில் எலிசபெத் வார்டில் என்பவர் 35 பெண்களைச் சேர்த்து அதே நீளத்துக்கு ஒரு நகல் தைக்கத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு பகுதி. அடுத்த ஆண்டே முடித்துவிட்டார்கள்! அது இன்று ரெடிங் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. அதே கைக்குட்டை 2 நாள், தலையணை உறை 6 நாள், மேசை விரிப்பு 22 நாள். ஆனால் சித்தி கல்யாணத்துக்காக மேசை விரிப்பை மட்டும் 25-ஆம் நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். காத்திருக்கிற நேரமும் முடிந்தவரை குறைய வேண்டும். எந்த வரிசையில் தைப்பீர்கள்?