மன்னிப்புக் கேட்ட பல்கலைக்கழகம்!

தவறு செய்த பிள்ளை தாயிடம் மன்னிப்புக் கேட்பது உண்டு. தவறு செய்த அரசாங்கம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டதும் உண்டு.

ஒரு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது என்றால் நம்புவீர்களா?

கனடா நாட்டில் அது நடந்தது.

2011-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி. கனடாவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஹாலிபாக்ஸ் நகரம். அங்கே ஒரு விசாரணைக் கமிஷனின் கூட்டம் நடந்துகொண்டு இருந்தது.

டேவிட் பர்னார்டு என்பவர் பேச எழுந்தார். அவர் மனிடோபா பல்கலைக்கழகத்தின் தலைவர். நம் நாட்டில் துணைவேந்தர் என்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பதவி.

அவர் சாதனைப் பட்டியல் வாசிக்கவில்லை. பெருமை பேசவில்லை.

“பூர்வகுடிப் பிள்ளைகளிடம் இருந்து மொழியையும் பண்பாட்டையும் பறித்தபோது எங்கள் பல்கலைக்கழகம் அதைத் தட்டிக் கேட்கவில்லை. அது பெரும் தவறு. அதற்காக வருந்துகிறோம்” என்ற கருத்தில் அவர் பேசினார்.

கனடாவில் இப்படி மன்னிப்புக் கேட்ட முதல் பல்கலைக்கழகம் அதுதான்!

அப்படி என்ன கொடுமை நடந்தது?

பிள்ளைகளைப் பிரித்த பள்ளிகள்

ஐரோப்பியர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கனடாவில் மக்கள் வாழ்ந்தார்கள். பழைய புத்தகங்களில் அவர்களைச் ‘செவ்விந்தியர்’ என்று படித்திருப்பீர்கள். இப்போது அந்தப் பெயரைச் சொல்வது மரியாதை இல்லை. பூர்வகுடி மக்கள் என்பதே சரி.

அவர்கள் ஒரே இனத்தார் அல்ல. கிரீ, டகோட்டா, டெனே என்று பல இனங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் தனி மொழி, தனி வழக்கம்.

1880-ம் ஆண்டுகளில் கனடா அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரிக்க வேண்டும். தொலைவில் உள்ள விடுதிப் பள்ளிகளில் வைத்து வளர்க்க வேண்டும். அவர்கள் தங்கள் மொழியை மறக்க வேண்டும். வெள்ளையரைப் போல மாற வேண்டும். இதுதான் அந்தத் திட்டம்.

அரசாங்கம் பணம் கொடுத்தது. கிறிஸ்தவ சபைகள் பள்ளிகளை நடத்தின.

1920-ல் சட்டம் இன்னும் கடுமையானது. பிள்ளையை அனுப்ப மறுத்தால் பெற்றோருக்குத் தண்டனை!

பள்ளிக்கு வந்த பிள்ளையின் தலைமுடியை வெட்டினார்கள். வீட்டில் இருந்து போட்டு வந்த உடையைப் பறித்தார்கள். பல பள்ளிகளில் பெயருக்குப் பதிலாக எண் கொடுத்தார்கள். தாய்மொழியில் பேசினால் அடி விழுந்தது.

பாதி நாள் பாடம். மீதி நாள் வேலை. பல பள்ளிகளில் நெடுங்காலம் இதுதான் நடைமுறை. போதிய சாப்பாடு இல்லை. நெருக்கமான அறைகளில் காசநோய் பரவியது.

130-க்கும் மேற்பட்ட பள்ளிகள். 1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனதற்குப் பெயரோடு பதிவு இருக்கிறது. பதிவு இல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

கடைசிப் பள்ளிகள் 1990-ம் ஆண்டுகளில்தான் மூடப்பட்டன.

பல்கலைக்கழகத்தின் பங்கு என்ன?

இங்கே ஒரு கேள்வி எழும். இந்தப் பள்ளிகளைப் பல்கலைக்கழகமா நடத்தியது? இல்லையே! பிறகு அது ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

நியாயமான கேள்வி. பதிலும் நியாயமானதுதான்.

விடுதிப் பள்ளியில் பிரம்பு எடுத்த ஆசிரியர் எங்கே படித்தார்? பள்ளியை நடத்திய பாதிரியார் எங்கே பட்டம் வாங்கினார்? சட்டம் செய்த அரசியல்வாதி எந்தக் கல்லூரியில் இருந்து வந்தார்? இப்படிப்பட்டவர்களை உருவாக்கி அனுப்பியதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

மனிடோபா பல்கலைக்கழகம் 1877-ல் தொடங்கியது. மேற்குக் கனடாவின் முதல் பல்கலைக்கழகம் அது. வின்னிபெக் நகரில் இருக்கிறது. அதே நகருக்கு உள்ளேயே அசினிபோயா என்ற விடுதிப் பள்ளி 1958 முதல் 1973 வரை நடந்தது. கண்ணுக்குத் தெரியாத தொலைவில் நடந்த கொடுமை அல்ல இது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1876-ல் கனடா ஒரு சட்டம் செய்தது. பூர்வகுடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றால், சட்டத்தின் கண்ணில் அவர் பூர்வகுடி அல்ல என்றாகிவிடும்!

நம் வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கினால் ஊரே கூடி வாழ்த்தும். அங்கேயோ, பட்டம் வேண்டுமா, சொந்த இனம் வேண்டுமா என்று கேட்டது சட்டம். 1880-ல் அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. ஆனாலும், கல்வி எந்த நோக்கத்தோடு அவர்கள் வாசலுக்கு வந்தது என்பதை அந்தச் சட்டம் காட்டிக் கொடுத்துவிட்டது.

தாத்தா பாட்டி வளர்த்த நீதிபதி

விடுதிப் பள்ளிகளில் துன்பப்பட்டவர்கள் பிற்காலத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். அதில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2008-ல் ஒரு கமிஷன் அமைந்தது. ‘உண்மை மற்றும் நல்லிணக்கக் கமிஷன்’ என்று பெயர். அதே ஆண்டு ஜூன் 11-ந் தேதி, பிரதம மந்திரி ஸ்டீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

2009-ல் கமிஷனின் தலைவராக முர்ரே சின்க்ளேர் வந்தார்.

இவர் ஒரு பூர்வகுடி. 1951-ல் பிறந்தவர். தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். மனிடோபா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1979-ல் பட்டம் பெற்றார். 1988-ல் நீதிபதி ஆனார். மனிடோபா மாகாணத்தில் நீதிபதி நாற்காலியில் அமர்ந்த முதல் பூர்வகுடி இவரே.

கமிஷன் ஊர் ஊராகச் சென்றது. 6,500-க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். அறுபது, எழுபது வயதுப் பெரியவர்கள், சிறு பிள்ளைகளாக இருந்தபோது பட்ட வேதனையைச் சொல்லிக் கண்ணீர் விட்டார்கள்.

2015-ல் கமிஷன் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. அவற்றில் பல கல்வி பற்றியவை. மருத்துவம் படிப்போரும் சட்டம் படிப்போரும் இந்த வரலாற்றைப் பாடமாகப் படிக்க வேண்டும். பூர்வகுடி மொழிகளில் பட்டப் படிப்பு வேண்டும். இப்படிச் சொன்னது கமிஷன்.

கல்விதான் எங்களை இந்தத் துன்பத்தில் தள்ளியது, கல்விதான் இதில் இருந்து மீட்கவும் வேண்டும் என்பது சின்க்ளேர் அடிக்கடி சொன்ன கருத்து. 2024 நவம்பரில் அவர் காலமானார்.

வாயால் கேட்டால் போதுமா?

மன்னிப்புக் கேட்பது ஒரு நிமிட வேலை. அதன்படி நடப்பது பல ஆண்டு வேலை. மனிடோபா பல்கலைக்கழகமும் இதை அனுபவத்தில் கண்டது.

முதலில் ஒரு பெரிய பொறுப்பை ஏற்றது. கமிஷன் திரட்டிய சாட்சியங்களையும் ஆவணங்களையும் எங்கே வைப்பது? பல பத்து லட்சம் தாள்கள்! அவற்றைக் காக்கும் தேசிய மையம் 2015-ல் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே திறக்கப்பட்டது.

2019 செப்டம்பர் 30-ந் தேதி இந்த மையம் நீண்ட சிவப்புத் துணி ஒன்றை வெளியிட்டது. நீளம் 50 மீட்டர். அதில் இருந்தவை, பள்ளியில் இறந்த 2,800 பிள்ளைகளின் பெயர்கள். எண் கொடுத்து அழைக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது!

அடுத்தது பதவி. பூர்வகுடி மக்களின் உறவைக் கவனிக்க மூத்த பதவி ஒன்றைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதில் 2017-ல் அமர்ந்த பேராசிரியை அடுத்த ஆண்டே விலகிவிட்டார். மாற்றம் செய்யப் போனால் எதிர்ப்பு வருகிறது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாற்காலி கொடுத்தால் மட்டும் போதாது. முடிவு எடுக்கும் இடத்தில் அந்த நாற்காலியைப் போட வேண்டும்.

2020-ல் அந்தப் பதவி ஒரு படி உயர்ந்தது. பல்கலைக்கழகத் தலைவருக்கு அடுத்த வரிசையில் துணைத் தலைவர் பதவி. அதில் முதலாவதாக அமர்ந்தவர் டாக்டர் கேத்தரின் குக். இவர் ஒரு பெண் மருத்துவர். பூர்வகுடிகளுக்கும் ஐரோப்பியருக்கும் பிறந்தவர்களின் வழிவந்த ‘மேட்டி’ இனத்தவர். பூர்வகுடி மாணவர்களுக்கு உதவி, பூர்வகுடி ஆசிரியர்களைச் சேர்ப்பது, பாடங்களைத் திருத்துவது, ஊர்ப் பெரியவர்களோடு உறவு என்று இந்தப் பதவிக்கு வேலைகள் பல.

பல்கலைக்கழக வளாகத்தில் பூர்வகுடி மாணவர்களுக்கு என்று தனிக் கட்டிடமும் உண்டு. பெயர் ‘மிகிசீ அகாமிக்’. கழுகின் வீடு என்று பொருள். 2008-ல் திறந்தார்கள். எந்த மொழியில் பேசியதற்காகப் பிள்ளைகளை அடித்தார்களோ, அப்படிப்பட்ட பூர்வகுடி மொழி ஒன்றில்தான் அந்தக் கட்டிடத்துக்குப் பெயர்!

மற்றவர்களும் வந்தார்கள்

வின்னிபெக் பல்கலைக்கழகம், லேக்ஹெட் பல்கலைக்கழகம் இரண்டும் 2016-ல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவர் யார் ஆனாலும் பூர்வகுடி மக்களைப் பற்றி ஒரு பாடம் படித்தே தீர வேண்டும். அது இல்லாமல் பட்டம் கிடையாது.

மேற்குக் கடற்கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஓர் உயரமான மரத் தூண் நடப்பட்டது. ஹைடா இனத்தைச் சேர்ந்த சிற்பி ஜேம்ஸ் ஹார்ட் செதுக்கியது. அதில் பள்ளிக்கூடம் போல ஒரு வடிவம். அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான செம்பு ஆணிகள். ஒவ்வோர் ஆணியும் இறந்துபோன ஒரு பிள்ளை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரும் மன்னிப்புக் கேட்டார்.

பறித்த மொழி முழுவதும் திரும்பிவிட்டதா? இல்லை. இறந்த பிள்ளைகள் எழுந்து வரப்போவதும் இல்லை. ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. படித்தவர் செய்த தவறில் படிக்க வைத்த இடத்துக்கும் பங்கு உண்டு என்று பெரிய பதவியில் இருந்தவர்கள் ஊர் அறியச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு காலத்தில் பட்டமா, இனமா என்று சட்டம் கேட்டது. இன்று அதே நாட்டில் பூர்வகுடிப் பெண் ஒருவர் தம் இனத்தை விடாமல் பட்டம் வாங்குகிறார். பாட்டியும் தாத்தாவும் கீழே உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள்.

அந்தப் பெரியவர்களில் சிலர் விடுதிப் பள்ளியில் இருந்து உயிரோடு திரும்பியவர்கள்!